யூரியா மூணு மூட்டை போட்டும் கம்பு ஏன் ஏறல: வேப்பூர் பக்கம் ஒரு கொல்லையில ரெண்டு மாசிப் பட்டம் பாத்தது

கடலூர் மாவட்டத்துல மேற்குப் பக்கம், வேப்பூர், மங்களூர் வட்டாரம்னா மக்காச்சோளமும் பருத்தியும்தான் பெருசு. நடுவுல கம்பு, வரகு போடுறவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட உரம் பத்தி கேட்டா ரெண்டே பதில்தான் வரும். ஒன்னு, "சிறுதானியத்துக்கு எதுக்கு உரம், அது பாட்டுக்கு வெளையும்". இன்னொன்னு, "பயிர் வெளுத்துச்சுன்னா யூரியா போடு". இந்த ரெண்டு பதிலுக்கும் நடுவுல ஒரு குடும்பம் எவ்வளவு காச விட்டுச்சு, அப்புறம் எப்படி மீட்டுச்சுன்னு கூடவே இருந்து பாத்தேன். இதே மாதிரி மண்ணு வச்சிருக்கவங்களுக்கு உதவும்னுதான் கணக்கோட எழுதுறேன். ஆளுங்க பேரு, ஊரு பேரு போடல.

நெலமும் பழைய பழக்கமும்

ரெண்டு காணி கரிசல். நம்ம பக்கம் காணின்னா 100 குழி, 1.32 ஏக்கர். உழுதா வெள்ள வெள்ளையா சுண்ணாம்புக் கல்லு மேல வரும், அத மனசுல வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு. ஒரு கிணறு, மாசிக்கு மேல ஒரு காணிக்குத்தான் தண்ணி தாங்கும். அந்தக் குடும்பத்து அண்ணனும் அண்ணியும்தான் எல்லா வேலையும், ரெண்டு கறவ மாடு. அண்ணி ஒரு நோட்டுல வரவு செலவு எழுதி வச்சிருக்காங்க, அது இல்லன்னா இந்தக் கணக்கு எதுவும் எழுதியிருக்க முடியாது.

வருசா வருசம் புரட்டாசியில ரெண்டு காணியும் மானாவாரி மக்காச்சோளம், தையில அத அறுத்துட்டு கிணத்துத் தண்ணி பாயுற காணியில மட்டும் மாசிப் பட்டம் ஹைப்ரிட் கம்பு. மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபி (மணிச்சத்து அதிகமா உள்ள உரம்), அது பல வருசமா. கம்புக்கு அடியுரம்னு ஒன்னும் கெடையாது, "சோளத்துக்குப் போட்டதே மண்ணுல கெடக்கும் தம்பி" அப்படிம்பாரு. அதுல பாதி உண்மை இருக்கு. அப்புறம் 20 நாளுக்கு மேல ஒரு மூட்டை யூரியா, 35 நாள்ல ஒன்னு, கருது வெளிய வர்றதுக்கு முன்னாடி பொதி கட்டுறப்ப ஒன்னு, ஆக காணிக்கு மூணு மூட்டை. தட்டை பூரா மாட்டுக்குப் போயிடும், சோளத்தட்டையும் அப்படித்தான், கொல்லைக்குத் திரும்பி வர்றது வேர்க்கட்டை மட்டும்தான்.

45 கிலோ யூரியா மூட்டையில தழைச்சத்து 20.7 கிலோ, மூணு மூட்டைன்னா 62 கிலோ. பாசன ஹைப்ரிட் கம்புக்கு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்றது ஹெக்டேருக்கு தழை 80, மணி 40, சாம்பல் 40 கிலோ. காணிக்கு மாத்துனா தழை 43, மணி 21, சாம்பல் 21 வரும். ஆக தழைச்சத்த ஒன்னரை மடங்கு குடுத்துட்டு, மத்தத ஒன்னுமே குடுக்காம ஓட்டிட்டு இருந்திருக்காரு.

2023 மாசிப் பட்டம், என்ன தெரிஞ்சுது

வெதச்சு 40 நாள் கிட்ட வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பிச்சாரு, "ரெண்டு தடவ யூரியா போட்டாச்சு தம்பி, இன்னும் திட்டுத் திட்டா வெளுத்துக் கெடக்கு, இன்னொரு மூட்டை போடட்டுமா" ன்னு. போட்டோவ வச்சு முடிவு சொல்லக் கூடாதுன்னு மறுநாளு நேர்லயே போயிட்டேன்.

கொல்லையில ரெண்டு மாதிரி பயிர் நின்னுச்சு. ஒரு பக்கம் கரும்பச்சையா, இலை பெருசா, இடுப்புக்கு மேல. இன்னொரு பக்கம் முழங்காலத் தாண்டல, கணு கணுவா நெருங்கிப்போய் குட்டையா, தூரும் (பக்கக் கிளைப்பு) கம்மி. எந்த இலை வெளுத்திருக்குன்னு உக்காந்து பாத்தேன், இதத்தான் நெறைய பேரு பாக்காம விட்டுடுறாங்க. தழைச்சத்து பத்தலன்னா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும், அதுவும் நுனியில ஆரம்பிச்சு நடு நரம்போட உள்ள இறங்கும், ஏன்னா தழைச்சத்து செடிக்குள்ள நகரும், பழைய இலையில இருந்து எடுத்து புது இலைக்கு குடுத்துக்கும். இங்க அடி இலை நல்லா பச்சையா இருக்கு, புதுசா வந்த இலையிலதான் நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் அடியில இருந்து வெளேர்னு பட்டை, ஓரமும் நரம்பும் பச்சையாவே இருக்கு. இரும்புச்சத்து கொறஞ்சாலும் புது இலைதான் வெளுக்கும், ஆனா அது நரம்புக்கு நரம்பு கோடு போட்ட மாதிரி இலை நீளத்துக்கும் ஓடும். கந்தகம் கொறஞ்சா புது இலை முழுசும் ஒரே சீரா மஞ்சளாகும். பட்டையா வெளுத்தது துத்தநாகத்தத்தான் காட்டுச்சு, அதாவது ஜிங்க்.

அப்ப எடுத்த முடிவு

மூணாவது மூட்டை யூரியா வேணாம்னு சொன்னேன். 10 லிட்டருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைச்சு இலை நனைய அடிக்கச் சொன்னேன், பத்து நாள் விட்டு இன்னொரு தடவ. ஸ்ப்ரே ரெண்டும் அடிச்சாரு, ஆனா யூரியாவையும் பொதி நேரத்துல போட்டுட்டாரு. அவர கொற சொல்ல முடியாது, 266 ரூபா மூட்டை, பக்கத்துக் கொல்லைக்காரங்க எல்லாம் போடுறாங்க, வெளுத்த பயிர கண்ணால பாத்துட்டு சும்மா இருக்க யாருக்கும் மனசு வராது.

ஸ்ப்ரேக்கு அப்புறம் வந்த இலை நல்லா பச்சையா வந்துச்சு. ஆனா கருது பெருசாகல. கம்புல தூரு கட்டுறதும் கருது எவ்ளோ நீளம், எத்தன பூ பிடிக்கணும்ங்கறதும் ஏறத்தாழ முதல் ஒரு மாசத்துக்குள்ளயே பயிரு உள்ளுக்குள்ள முடிவு பண்ணிடும். அந்த நாள்ல இல்லாத சத்த 40 நாளுக்கு மேல குடுத்தா இலைக்குத்தான் போகும். கரும்பச்சையா நின்ன பக்கமாவது கை குடுக்கும்னு பாத்தா, சித்திரையில ஒரு கோடை மழை காத்தோட அடிச்சு அதுல பெரும்பகுதி சாஞ்சிருச்சு. காணிக்கு 9 மூட்டை, 900 கிலோ. அண்ணி நோட்டுல வெத, உழவு, களை, கூலி, மிஷின் எல்லாம் கழிச்சா கையில நின்னது ரொம்ப சொற்பம், தட்டைதான் மிச்சம்னு சொன்னாங்க.

மண்ணு எடுத்தது

அறுவடை முடிஞ்சு கொல்லை காஞ்சு கெடக்குறப்ப மண்ணு எடுத்தோம். வரப்போரம், மர நிழலு, எருக்குழி பக்கம் எல்லாம் விட்டுட்டு, கொல்லைக்குள்ள பதினஞ்சு எடத்துல மண்வெட்டியால வி மாதிரி வெட்டி, அரை அடி ஆழம் வரைக்கும் ஒரே கனமா செதுக்கி எடுத்து, நிழல்ல காயவச்சு, நாலா பிரிச்சு எதிரெதிர் ரெண்டத் தள்ளி அரை கிலோவுக்குக் கொண்டு வந்து பரிசோதனைக்குக் குடுத்தோம்.

வந்த ரிசல்ட்டு: பிஎச் 8.3, அதாவது காரமான மண்ணு, உப்பு பிரச்சனை இல்ல. தழைச்சத்து ஹெக்டேருக்கு 190 கிலோ, 280க்குக் கீழன்னா கொறைவுதான். மணிச்சத்து 26 கிலோ, 22க்கு மேல போனாலே அதிகம். சாம்பல்சத்து 195, நடுத்தரம். ஜிங்க் 0.5 பிபிஎம், நம்ம தமிழ்நாட்டு மண்ணுக்கு 1.2க்குக் கீழ போனா பத்தாக்குறைன்னு எடுத்துக்கறாங்க.

இத படிச்சப்ப கத முழுசா புரிஞ்சுது. பிஎச் ஒன்னு ஏறுனா மண்ணுல கரையுற ஜிங்க் நூத்துல ஒரு பங்கா எறங்கிடும், சுண்ணாம்புக் கரிசல்ல அதான் முதல் அடி. அதுக்கு மேல வருசா வருசம் டிஏபி கொட்டி மணிச்சத்து தேங்கிப் போச்சு, அது அதிகமானா பயிரு ஜிங்க் எடுக்குறதும் கொறையும், இது ரெண்டாவது அடி. மூணாவது, மக்காச்சோளமே ஜிங்க் நல்லா இழுக்குற பயிரு, அது இழுத்துட்டுப் போன பின்னாடி அதே மண்ணுல ஒரு மாசம் கூட ஓய்வில்லாம கம்பு. யூரியா போடப் போட பயிரு வளரப் பாக்கும், வளர வளர ஜிங்க் இன்னும் பத்தாமப் போகும், வெளுக்கும், மறுபடி யூரியா. சாம்பல்சத்தப் பொறுத்தவரைக்கும் கரிசல்ல சாதாரணமா நெறைய இருக்கும், இங்க நடுத்தரத்துக்கு வந்திருக்குன்னா தட்டை வழியாத்தான் போயிருக்கணும், பயிரு எடுத்த சாம்பல்சத்துல பெரும்பங்கு தட்டையிலதான் நிக்கும்.

2024 மாசி, என்ன போடுறதுன்னு பேசுனது

காணி முழுசும் மாத்திடலாம்னு நான் சொல்லல, அண்ணனும் ஒத்துக்க மாட்டாரு. 50 குழி புது முறை, 40 குழி அவரோட பழைய முறை, மிச்ச 10 குழி மட்டும் பழைய முறையோட ஜிங்க் சேத்துன்னு பிரிச்சோம். அந்த 10 குழி எதுக்குன்னு அண்ணி கேட்டாங்க. எல்லாத்தையும் ஒன்னா மாத்திட்டு வெளைச்சல் கூடுனா எந்தக் காசு வேலை செஞ்சுதுன்னு தெரியாது அண்ணி, அடுத்த வருசம் காசு கொறைவா இருந்தா எத விடணும் எத விடக்கூடாதுன்னு சொல்ல முடியாதுன்னேன். "அப்ப சரி, அத நானே தனியா அறுத்து எடை போடுறேன்" னு அவங்க சொன்னதுலதான் எனக்கு தைரியம் வந்துச்சு.

வீட்டு எரு ரெண்டு டிப்பர் இருந்துச்சு. ஹெக்டேருக்கு 12.5 டன்னுங்கற அளவுக்கு அது பத்தாது, ஆனாலும் மூணு பிரிவுக்கும் ஒரே மாதிரி பரப்புனோம், இல்லன்னா ஒப்பிட முடியாது.

புது முறைக்கு காணிக் கணக்குல சொல்றேன். டிஏபி அரை மூட்டை மட்டும், மண்ணுல மணிச்சத்து இருக்கறதால சிபாரிசுல பாதி போதும்னு முடிவு பண்ணேன், ஒன்னுமே வேணாம்னு ஏன் சொல்லலன்னா இளம்பயிர் வேருக்கு பக்கத்துலயே கொஞ்சம் இருந்தாத்தான் பிடிச்சு வரும். சாம்பல்சத்துக்கு பொட்டாஷ் 35 கிலோ. ஜிங்க் சல்பேட் 13 கிலோ, ஹெக்டேருக்கு 25ங்கற கணக்கு. இத டிஏபியோட கலந்து போடவே கூடாது, மணிச்சத்தோட சேந்து கரையாமப் போயிடும், அதனால காஞ்ச எருவும் மணலும் கலந்து கடைசி உழவுக்கு முன்னாடி தனியா தூவுனோம். வெதைக்கு அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும்ங்கற உயிர் உரம், பாஸ்போபாக்டீரியா தேங்கிக் கெடக்குற மணிச்சத்த கொஞ்சமாவது கரைச்சுக் குடுக்கும்னு. யூரியா வெதக்கறப்ப 14 கிலோ, 15 நாள்ல 45 கிலோ, 30 நாள்ல 23 கிலோ, அதோட நிறுத்தம், பொதிக்கு ஒரு பிடி கூட கெடையாது.

பொட்டாஷுக்குத்தான் பெரிய வாக்குவாதம். மூட்டை 1,650 ரூபா, "கம்புக்கு யாராச்சும் பொட்டாஷ் போடுவாங்களா" ன்னு அண்ணன். தட்டைய கொல்லையில மடக்கி உழுதா விட்டுடலாம்ணே, வித்தா இல்ல மாட்டுக்குப் போட்டா எங்கேருந்தோ வந்துதான் ஆகணும்னேன். மாட்டுக்கு தட்டை இல்லாம முடியாதுன்னு அண்ணி சொன்னதும் பேச்சு முடிஞ்சுது.

நடுவுல நடந்தது

பதினஞ்சாம் நாளே வித்தியாசம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 40 குழியில மறுபடி அதே வெள்ளப் பட்டை, 10 குழியில ஒன்னு ரெண்டு செடி தவிர இல்ல, 50 குழியில தூரும் கூட. ரெண்டாவது யூரியாவுக்கு முன்னாடி களை எடுத்தாச்சு, அந்த வரிசைய மாத்தக் கூடாது, களையோட போட்டா யூரியா களைக்குத்தான் முதல்ல.

30 நாளுக்குப் போட வேண்டிய யூரியாவ அன்னிக்கு போட விடல. கிணத்துல தண்ணி எறங்கி பாய்ச்சல் தள்ளிப் போச்சு, மண்ணு காஞ்சு கெடக்கு. பிஎச் ஏறுன காஞ்ச மண்ணு மேல யூரியாவ வீசி விட்டா அமோனியாவா காத்துல போயிடும், காசு கண்ணுக்குத் தெரியாம ஆவியாகும். நாலு நாள் காத்திருந்து, பாய்ச்சுற அன்னிக்கு காலையில வேருக்கு பக்கத்துல கோடு இழுத்துப் போட்டு மண்ணு மூடி தண்ணி விட்டோம். 34வது நாளுன்னா கொஞ்சம் லேட்டுதான், ஆனா அந்த ரெண்டுல இதுதான் நஷ்டம் கம்மி.

வைகாசி பொறக்குற சமயம், அறுக்கப் போறப்ப, மழையும் காத்தும் வந்துச்சு. பொதிக்கு யூரியா வாங்குன பக்கம் நிறைய சாஞ்சுது, புது முறையில ஓரத்துல மட்டும். இதுக்கு பொட்டாஷ் காரணமா, கடைசி யூரியா நிறுத்துனது காரணமான்னு பிரிச்சுச் சொல்ல இந்தக் கொல்லையில வழி இல்ல. ஜிங்க் போட்ட 10 குழியும் சாஞ்சுதுங்கறத வச்சுப் பாத்தா ஜிங்க்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு மட்டும் சொல்லலாம்.

எடையும் காசும்

அண்ணி தனித்தனியா அடிச்சு காயவச்சு எடை போட்டாங்க. 50 குழியில 720 கிலோ, 40 குழியில 420, அந்த 10 குழியில 122. காணிக்கு மாத்துனா புது முறை 1,440 கிலோ, பழைய முறை 1,050, பழசோட ஜிங்க் 1,220. பழைய முறையே போன வருசத்து 900ல இருந்து ஏறுனது எருவாலயும் இருக்கலாம், வருசத்துக்கு வருசம் வெயிலும் தண்ணியும் மாறுறதாலயும் இருக்கலாம்.

விருத்தாசலம் கமிட்டியில (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) குவிண்டாலுக்கு 2,300 போச்சு, மழையில கொஞ்சம் நெறம் மங்குனதால. அந்த வருசம் அரசு ஆதரவு விலை 2,500.

உரச் செலவு பழைய முறைக்கு 800 ரூபா. புது முறைக்கு யூரியா ரெண்டு மூட்டை 533, டிஏபி 675, பொட்டாஷ் 1,155, ஜிங்க் 1,040, உயிர் உரம் 200, ஆக 3,603. தூவுற கூலி ஒரு 600 கூட. அதாவது ஏறத்தாழ 3,400 ரூபா கூட செலவு பண்ணி 390 கிலோ கூட, அது 8,970 ரூபா. செலவு போக காணிக்கு 5,500 ரூபா கிட்ட மிச்சம்.

இப்ப அந்த 10 குழியப் பாருங்க. ஜிங்க்குக்கு மட்டும் காணிக்கு 1,040 ரூபா, கூட வந்தது 170 கிலோ, 3,910 ரூபா. போட்ட ஒரு ரூபாக்கு திரும்பி வந்ததுன்னு பாத்தா இதுதான் முன்னாடி நிக்குது, கையில காசு இல்லாத வருசத்துல முதல்ல வாங்க வேண்டியது எதுன்னு இந்த மண்ணுக்கு பதில் கெடச்சிருச்சு. ஜிங்க் சல்பேட்ல கந்தகமும் இருக்கு, அதுவும் ஒரு பங்கு செஞ்சிருக்கலாம். இலையில வந்த பட்டையும் மண் ரிசல்ட்டும் ஜிங்க்கத்தான் காட்டுது, ஆனாலும் முழுப் பேரும் அதுக்குன்னு எழுத மாட்டேன்.

ஒரு விஷயம் மறைக்கக் கூடாது, எரு வீட்டு எருங்கறதால இந்தக் கணக்குல வரல. வெளிய டிப்பர் 2,500க்கு ரெண்டு லோடு வாங்கியிருந்தா 5,000. மூணு பிரிவுக்கும் போட்டதால ஒப்பீடு மாறாது, ஆனா வெலைக்கு வாங்குறவங்க அந்த ஒரு பட்டத்துலயே லாபம் பாக்கணும்னு நெனச்சா கைய கடிக்கும். எரு ரெண்டு மூணு பயிருக்கு நின்னு குடுக்குங்கறத சேத்துத்தான் கணக்குப் போடணும். மாடு இருக்கறவன் கம்பு கணக்கும் இல்லாதவன் கம்பு கணக்கும் வேற வேற.

அதுக்கு அப்புறம்

2024 புரட்டாசி மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டிஏபிங்கறத ஒன்னாக் கொறச்சாரு. ஜிங்க் போட்ட பகுதியில சோளத்துலயும் அந்த வெள்ளப் பட்டை வரல, ஒரு தடவ மண்ணுல போட்டா அடுத்தடுத்த பயிருக்கும் நிக்கும், அதனால பட்டத்துக்குப் பட்டம் போட வேண்டியதில்ல. தண்ணி பாயாத இன்னொரு காணிக்கும் தனியா மண்ணு எடுத்துட்டுத்தான் போடணும்னு சொல்லி வச்சிருக்கேன், பக்கத்துல இருக்குங்கறதுக்காக ஒரே ரிசல்ட்ட வச்சு ஓட்டக் கூடாது.

பக்கத்துக் கொல்லைக்காரரு ஒருத்தரு இதக் கேட்டுட்டு தன்னோட செம்மண் வரகுக்கு அதே அளவு போடப் பாத்தாரு. வேணாம்னு தடுத்தேன். வரகுக்கு சிபாரிசே ஹெக்டேருக்கு தழை 44, மணி 22தான், அது மானாவாரி, நெடு நாள் பயிரு, ஹைப்ரிட் கம்பு மாதிரி குடுத்ததெல்லாம் வாங்கிக்காது.

அடுத்த தடவ மாத்த வேண்டியது

பிரிவு மூணும் ஒவ்வொன்னு மட்டும்தான் இருந்துச்சு, 10 குழி வாய்க்கால் ஓரத்துல விழுந்துச்சு, தண்ணி கூட பாஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அடுத்த பட்டம் ஜிங்க் மட்டும் போடுற துண்ட ரெண்டு எடத்துல, 15 குழியா, கொல்லை நடுவுல வைக்கணும். பொட்டாஷ் இல்லாத ஒரு துண்டும் வேணும், 1,155 ரூபாங்கறது உரச் செலவுலயே பெரிய தொகை, அது கம்பு வெளைச்சலுக்கு என்ன குடுத்துச்சுன்னு இன்னும் தனியாத் தெரியாம இருக்கு. தட்டையையும் எடை போடணும், அண்ணி அதுக்கு இப்பவே நோட்டுல ஒரு கட்டம் கோடு போட்டு வச்சுட்டாங்க. அப்புறம் கடைசி யூரியாவுக்கு தண்ணி கெடைக்குமான்னு வெதக்கறதுக்கு முன்னாடியே கிணத்து மட்டம் பாத்து, முடியாதுன்னு பட்டா 30 நாள் பங்க 25ஆம் நாளுக்கே இழுத்துக்கறதா பேசி வச்சிருக்கோம்.